படகுப் பெயிண்ட் அடித்த சுவர்

எங்களுக்குக் கொடுத்த வீட்டுக்குள் முதல் தடவை போனபோது எனக்கு எங்கே உட்காருவது என்று தெரியவில்லை. சுவர் நாலு பக்கமும் வெளிர் மஞ்சள். தரை முழுக்க சிமெண்டு. ஒரு கூடம், அதன் பின்னால் ஒரு ஆள் நின்று சமைக்கிற அளவுக்கு ஒரு சமையலறை, அதற்குப் பின்னால் கொல்லைக் கதவு. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் கதவு கிடையாது, ஓரத்தில் ஆள் போக வழி விட்டு இடுப்பு உயரத்துக்கு ஒரு குட்டைச் சுவர் மட்டும். நான் ஒயர் கூடையைப் பிடித்துக்கொண்டு நடுவிலேயே நின்றேன். மருமகள்தான் என் கையிலிருந்து பாயை வாங்கி ஒரு மூலையில் போட்டாள்.

கடலூரில் எங்கள் குப்பத்தில் முன்பு நாங்கள் இருந்தது கூரை வீடு. அதிலும் அறை கிடையாது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நடந்தாலும் எந்த இடத்தில் நிற்கிறோம் என்று கால் சொல்லிவிடும். வாசலில் மணல். படுக்கிற இடத்தில் சாணி மெழுகின தரை. அடுப்படியில் களிமண், எப்போதும் கொஞ்சம் சூடாக இருக்கும். அடுப்புப் பக்கத்துக் கீற்று கறுப்பு, படுக்கிற பக்கத்துக் கீற்று பழுப்பு. யாரும் பிரித்து வைக்கவில்லை. புழங்கினதில் தானாகப் பிரிந்தது.

அந்த வீட்டை 2004 மார்கழியில் அலை எடுத்துக்கொண்டு போயிற்று. என் மகனையும் எடுத்துக்கொண்டு போயிற்று. எனக்கு அவன் ஒருவன்தான். அவன் உடம்பு கிடைக்கவில்லை. அதற்கு மேல் இதைப் பற்றி எனக்கு எழுதத் தெரியவில்லை. அப்போது நான் அழுதேனா என்று கேட்டால் அதுவும் நினைவில்லை. யாரோ என் கையில் ஒரு பொட்டலம் சோறு கொடுத்ததும், அதை நான் பிரிக்காமல் சாயங்காலம் வரை வைத்திருந்ததும் நினைவிருக்கிறது.

பிறகு இரண்டு வருஷத்துக்கு மேல் தார் ஷீட் போட்ட கொட்டகையில் இருந்தோம், நானும் மருமகளும். அங்கே இடம் பிரிக்கிற பேச்சே இல்லை. பகலில் உள்ளே இருந்தால் வேகும். எல்லாரும் வெளியில்தான் இருந்தோம். 2007ல் இந்த வீட்டின் சாவியைக் கொடுத்தார்கள்.

வீடு மருமகள் பேரில் வந்தது. ரேஷன் கார்டில் நான் மகனோடு இருந்தேன், அதனால் எனக்கென்று தனி வீடு கிடையாது. மகன்களோடு சண்டை போட்டுக்கொண்டு தனிக் கார்டு வாங்கின கிழவிகளுக்கெல்லாம் தனி வீடு கிடைத்தது. நான் யாரோடும் சண்டை போட்டதில்லை. மகனோடு ஒரே கார்டில் இருப்பதைப் பெருமையாக நினைத்தவள்.

மருமகளுக்கு அப்போது இருபத்தைந்து வயது. பிள்ளை இல்லை. அவள் சிதம்பரத்துக்காரி, அவள் அம்மா அங்கேதான் இருந்தாள். இவள் நாளைக்கு இன்னொருவனைக் கட்டிக்கொண்டால் இந்த வீட்டில் எனக்கு என்ன இடம்? இது ஒன்றுதான் என் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. துக்கம்கூட அப்படி ஓடவில்லை. துக்கம் ஒரு பக்கமாகக் கல் மாதிரி கிடந்தது. இந்தக் கேள்விதான் எறும்பு மாதிரி ஊர்ந்தது.

வரிசையாக ஒரே மாதிரி வீடுகள். ஒரே மாதிரி கதவு, ஒரே மாதிரி ஜன்னல். முதல் மாதத்தில் நான் மூன்று தடவை அடுத்த வீட்டுக்குள் போயிருக்கிறேன். ஒருநாள் மீன் கூடையோடு வந்து, கதவைத் தள்ளி, கூடையை இறக்கி, உட்கார்ந்து காலையும் நீட்டிவிட்டேன். எதிரில் பக்கத்து வீட்டுக்காரர் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“வா பெரிம்மா. கொழம்பு ஊத்தட்டுமா, ரசமா?” என்றார்.

நான் எழுந்து வந்துவிட்டேன். கூச்சத்தில் கூடையை எடுக்க மறந்துவிட்டேன். அவர் பெண்சாதிதான் கொண்டுவந்து கொடுத்தாள்.

“எங்க ஊட்டுக்கு சீரு கொண்டாந்து வச்சிட்டு ஒரு வார்த்த சொல்லாம போயிட்டியே பெரிம்மா. கூட நல்லா கீது, மீனுதான் காணோம்” என்று தெருவே கேட்கச் சிரித்தாள்.

அன்றைக்குத்தான் இந்த வீட்டில் எதையாவது செய்யவேண்டும் என்று தோன்றியது.

என் மகனோடு ஒரே படகில் தொழிலுக்குப் போன ஒருவர் ஒருநாள் ஒரு டின்னை எடுத்துக்கொண்டு வந்தார். நீலப் பெயிண்டு. என் முகத்தைப் பார்க்காமல் வாசலில் வைத்தார்.

“யம்மா, பொங்கலுக்குப் படகுக்கு அடிக்கலாம்னு உன் புள்ள வாங்கினது. என் மச்சான் ஊட்ல, மேட்டுல கெடந்துது. அதனால தப்பிச்சிது. அந்தப் படகும் இல்ல. எனக்கு இத வச்சிக்க மனசு வரல.”

படகு போயிற்று, வீடு போயிற்று, அவன் போனான், டின் மட்டும் இருந்தது. மூடியை ஆணி வைத்து நெம்பித் திறந்தேன். மேலே தோல் மாதிரி கெட்டியாகப் படிந்திருந்தது. குச்சியால் குத்திக் கிழித்ததும் உள்ளே பெயிண்டு புதிதாக இருந்தது. மண்ணெண்ணெய் விட்டுக் கலக்கினேன். எங்கள் ஆட்கள் படகுக்குக் கலக்குவதைப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். கடலைப் பார்த்திருக்கிற கிழக்குச் சுவரில், தரையிலிருந்து என் கை எட்டுகிற உயரம் வரைக்கும் அடித்தேன். வேறு எதற்கும் அது போதாது. ஒரு சுவருக்குத்தான் வந்தது.

மருமகள் முதுநகர் துறைமுகத்தில் மீன் ஏலம் எடுத்து மஞ்சக்குப்பத்தில் விற்றுவிட்டு மத்தியானம் வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“என்னா அத்தே இது! ஊட்டுக்குள்ள படகு வந்து நிக்குது?”

நான் டின்னைக் காட்டினேன். அவளுக்கு அந்த நிறம் தெரியும். கொல்லைப் பக்கம் போய்க் கால் கழுவினாள். வெகுநேரம் கழுவினாள்.

அந்தச் சுவர் வந்த பிறகு வீடு கொஞ்சம் பிரிந்தது. நீலச் சுவர்ப் பக்கம் கூடம் என்று ஆயிற்று. வந்தவர்களை அங்கே உட்காரவைத்தோம். நிவாரணத்தில் வந்த பாலியஸ்டர் புடவைகள் நிறைய இருந்தன, எல்லார் வீட்டிலும் அதே புடவைதான். அதில் இரண்டை ஒட்டிச் சேர்த்துத் தைத்துக் குட்டைச் சுவருக்கு மேலே கயிற்றில் தொங்கவிட்டோம். சமையலறை என்று ஆயிற்று. கிழிந்த வலையைக் கூரைக் கொக்கியில் மாட்டிப் பாத்திரம் போட்டோம். மருமகள் ஜன்னல் பக்கம் பாய் போட்டாள். நான் திரைக்குக் கீழே, கூடமும் இல்லாத சமையலறையும் இல்லாத இடத்தில் படுத்தேன். அடுப்படிக்குப் போகிறவர் என்னைத் தாண்டித்தான் போகவேண்டும்.

நீலச் சுவரில் மகன் படத்தை மாட்டினோம். எங்களிடம் இருந்த படமெல்லாம் அலையோடு போய்விட்டது. சிதம்பரத்தில் மருமகளின் அம்மா வீட்டில் கல்யாணப் போட்டோ ஒன்று இருந்தது. அதை அங்கே ஒரு ஸ்டுடியோவில் கொடுத்தோம். அவனை மட்டும் வெட்டிப் பெரிதாக்கி, பின்னால் மேகம் போட்டுக் கொடுத்தார்கள். மணப்பெண்ணை முழுக்க வெட்ட முடியவில்லை. அவன் தோளுக்குப் பக்கத்தில் அரக்குப் புடவையின் ஓரம் ஒரு விரல் அகலத்துக்கு நின்றது. அவன் உடம்பு கிடைக்காததால் நான் படத்துக்கு மாலை போட விடவில்லை, பொட்டும் வைக்க விடவில்லை. யாரும் என்னை வற்புறுத்தவும் இல்லை.

அவன் பெயிண்டு, அவன் சுவர், அவன் படம். அது இருக்கிற வரைக்கும் அவன் அம்மா இந்த வீட்டில் இருக்கலாம். நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். வாய்விட்டு யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த மழைக்கே சுவர் கெட்டுப்போயிற்று. முதலில் கீழே சின்னச் சின்னக் கொப்புளம். பிறகு உள்ளங்கை அகலத்துக்கு உப்பி நின்றது. விரலால் தொட்டால் உடைந்து தண்ணீர் கசிந்தது. வெள்ளையாக உப்புப் பூத்தது. பெயிண்டு தோல் தோலாகத் தொங்கியது.

“உங்க செவுத்துக்கு அம்ம போட்டுக்கீது பெரிம்மா. வேப்பெல சொருவு” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

இரண்டு மழைக்காலம் அப்படியே விட்டோம். 2009ல் மருமகளின் அம்மா சிதம்பரத்திலிருந்து ஒரு பெயிண்டரை அனுப்பினாள். முப்பத்தைந்து வயதிருக்கும். சட்டைப் பையில் ஒரு தகடு, தோளில் ஒரு பை. சுவரைத் தட்டிப் பார்த்தான், முகர்ந்து பார்த்தான், பிறகு சிரித்துவிட்டான்.

“யாரும்மா இது, செவுத்துக்குப் படகுப் பெயிண்டு அடிச்சது?”

நான் குட்டைச் சுவருக்குப் பின்னால் போய்விட்டேன். மருமகள், “எங்க அத்ததான்” என்றாள்.

“தப்பு இல்லம்மா. எங்கம்மாவும் இததான் பண்ணியிருக்கும். நாமெல்லாம் அப்பிடித்தான், தண்ணின்னா வெளியேந்து வரும்னு நெனப்போம். படகுக்குத் தண்ணி வெளியேந்து வருது, அத உள்ள உடாம நிறுத்தறதுக்கு இந்தப் பெயிண்டு. செவுத்துக்குத் தண்ணி கீழேந்து, உள்ளேந்து வருது. நீங்க அத வெளிய போவ உடாம கதவ சாத்திட்டீங்க. உப்பு மண்ணுல கட்டின செவுரு, மூச்சு உடணும்.”

“நீங்க எந்த ஊரு?” என்று மருமகள் கேட்டாள்.

சிதம்பரத்துக்குக் கிழக்கே கடற்கரையில் ஒரு குப்பத்தின் பேரைச் சொன்னான். “கடல்காரன்தான். இப்ப செவுத்துக்காரன் ஆயிட்டேன். அலையில எங்க ஊட்டம்மா போயிடுச்சி. அதுக்கப்புறம் கடல்ல எறங்க கால் வரல.” அதையும் அதே குரலில்தான் சொன்னான், உப்பு மண்ணைச் சொன்ன மாதிரி.

தகட்டால் சுரண்ட ஆரம்பித்தான். நீலம் சீவல் சீவலாக விழுந்தது. படத்துக்குக் கிட்டே வந்ததும் நிறுத்தினான்.

“படத்த எடுத்துக்குடுங்கம்மா.”

மருமகள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அவள் எடுப்பாள் என்று நானும், நான் எடுப்பேன் என்று அவளும் நின்றோம். அவன் இரண்டு பேரையும் பார்த்துவிட்டுப் படத்தைச் சுற்றிச் சுரண்டினான். அதைத் தொடவில்லை. படத்துக்குப் பின்னால் இருந்த நீலம் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. மற்ற சுவர் முழுக்கப் பூச்சு தெரிய மொட்டையாக ஆயிற்று.

“இதுக்கு மேல ஒண்ணும் அடிக்க வேணாம். ஒரு கோட வெயில் காயட்டும். நான் வந்து பாக்கறேன்.”

வந்து பார்த்தான். சித்திரையில் வந்தான், வைகாசியில் இரண்டு தடவை வந்தான். சுவரில் புறங்கையை வைப்பான், “இன்னும் ஓதம் இருக்கு” என்பான், மருமகள் டீ கொடுப்பாள், குடித்துவிட்டுச் சிதம்பரம் பஸ்ஸுக்குப் போவான். பக்கத்து வீட்டுக்காரிக்குப் பொறுக்கவில்லை.

“ஏம்ப்பா, செவுரு காஞ்சிதான்னு பாக்க எத்தினி வாட்டிதான் வருவ? நான் வேணா தெனம் தொட்டுப் பாத்து போன்ல சொல்றேன். பஸ்ஸு காசாவது மிஞ்சும்.”

அவன் கூச்சப்பட்டுத் தலையைச் சொறிந்தான். மருமகள் உள்ளே திரும்பிச் சிரித்ததை நான் பார்த்தேன். அலைக்கப்புறம் அவள் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை. எனக்குச் சந்தோஷமும் வரவில்லை, கோபமும் வரவில்லை. ஒயர் கூடையில் என் துணிகளை மடித்து வைக்க ஆரம்பித்தேன். அன்றிலிருந்து துவைத்த துணி கொடியிலிருந்து நேராகக் கூடைக்குத்தான் போகும்.

அடுத்த வருஷம் மருமகளின் அம்மா வந்து, அவளைப் பெயிண்டருக்குக் கட்டிவைப்பது பற்றி ஊரில் பேசினாள். எங்கள் ஊரில் இப்படி ஒரு பெண் மறுபடி தாலி கட்டிக்கொள்வதாக இருந்தால் செத்தவனின் அம்மாவைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்பார்கள். கோயில் முன்னால் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். இவ்வளவு ஆண்களுக்கு முன்னால் நான் நின்றதே இல்லை.

“உனக்கு சம்மதமாம்மா? மனசுல எதுனா இருந்தா இப்பியே சொல்லிடு.”

மனதில் இருந்தது. நான் எங்கே போவேன் என்று கேட்க இருந்தது. தலையை ஆட்டினேன். அவர்கள் எழுந்துவிட்டார்கள்.

“மருமவளக் கட்டிக்குடுத்த மாமியாவ இப்பத்தான் பாக்கறேன். உன் கால குடு, தொட்டுக் கும்புடறேன்” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. கேலியா நிஜமா என்று தெரியவில்லை. அவள் கண் கலங்கியிருந்தது.

கல்யாணம் திருவந்திபுரம் கோயிலில் நடந்தது. அன்றைக்கு அங்கே பத்துப் பதினைந்து கல்யாணம் இருக்கும். நான் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தேன், கூட்டத்தில் தாலி கட்டினது தெரியவில்லை. மேளம் எந்தக் கல்யாணத்துக்கு அடிக்கிறார்கள் என்றும் தெரியவில்லை. திரும்பி வரும்போது வண்டியில் மருமகள் என் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னாள்: “அத்தே, அம்மா அந்தப் பழைய கல்யாணப் போட்டோவக் கிழிச்சி அடுப்புல போட்டுட்டுதாம். இவரு பாத்துடப் போறாருன்னு. எனக்கு நேத்துதான் தெரியும்.”

அப்படியானால் வீட்டில் மாட்டியிருப்பது ஒன்றுதான் மிச்சம். நான் “சரி” என்றேன்.

அவர்கள் சிதம்பரத்தில் குடியிருந்தார்கள். “நீ ஊட்டப் பாத்துக்க அத்தே” என்று சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். நான் மொட்டைச் சுவரையும் படத்தையும் பார்த்துக்கொண்டு இருந்தேன். இடம் முழுக்க எனக்குத்தான். ஆனாலும் திரைக்குக் கீழேயேதான் படுத்தேன். ஜன்னல் பக்கம் அவள் இடம்.

ஒரே ஒரு தடவை சிதம்பரம் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். கீழ வீதியைத் தாண்டி ஒரு சந்தில், வரிசை வீட்டில் ஒரே ஒரு அறை. எங்கள் கூடத்தைவிடச் சின்னது. ஆனால் அதற்குள் மூன்று நான்கு இடம் இருந்தது. அடுப்பு இருக்கிற மூலையில் தரையில் டைல்ஸ் பதித்திருந்தான். வேலைக்குப் போன வீடுகளில் மிஞ்சினது, உடைந்தது, ஒன்றுக்கொன்று சேராதது. ஒன்றில் பூ, ஒன்றில் கோடு, ஒன்று வெறும் பச்சை. அந்த டைல்ஸ் எங்கே முடிகிறதோ அங்கே சமையல் முடிந்தது. சாமி இருக்கிற அலமாரிக்குப் பின்னால் மட்டும் மஞ்சள். படுக்கிற இடத்தில் சுவர் இடுப்பு உயரத்துக்கு மரக் கலர், தலை படுகிற அழுக்குத் தெரியாமல்.

“எப்பிடி அத்தே? அரண்மன மாதிரி இல்ல?” என்றாள் மருமகள்.

“இது அந்தப்புரம்” என்று டைல்ஸைக் காட்டினான் அவன். “அங்க ராணி மட்டுந்தான் நிக்கலாம். நான் போனா கரண்டி பறக்கும்.”

நான் சிரித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். என் கண் ஒவ்வொரு நிறமாகப் பார்த்துக்கொண்டு போயிற்று. டைல்ஸ் அவளுக்கு. மரக் கலர் இரண்டு பேருக்கு. மஞ்சள் சாமிக்கு. கதவோரம் செருப்பு விட ஒரு சாக்கு. எனக்கு நிற்க இடம் இருந்தது. படுக்க இருக்கவில்லை. தங்கச் சொன்னார்கள். வீடு பூட்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டுச் சாயங்காலப் பஸ்ஸுக்கு வந்துவிட்டேன்.

2011 கடைசியில் புயல் அடித்தது. கடல் அலையாக வரவில்லை, காற்றாக வந்தது. முந்திரியும் பலாவும் வேரோடு போயின. பல நாள் கரண்டு இல்லை. எங்கள் வீடு நின்றது, ஆனால் கிழக்குச் சுவர் முழுக்க மழையைக் குடித்தது. மொட்டையாக இருந்த பாகம் பத்து நாள் வெயிலில் காய்ந்துவிட்டது. படத்தின் கண்ணாடிக்கு உள்ளே மட்டும் வேர்த்து நின்றது. துடைத்தேன், போகவில்லை. அது உள்பக்கம். பிறகு மேகம் இருந்த இடத்தில் கறுப்புப் புள்ளி வந்தது. புள்ளி அவன் காதுக்கு வந்தது. தினமும் காலையில் எழுந்து எதுவரைக்கும் வந்திருக்கிறது என்று பார்ப்பேன். பின்னால் இருந்த பெயிண்டுதான் செய்கிறது என்று எனக்குத் தெரியும். மூச்சு விடாத இடம் அது ஒன்றுதான். படத்தை எடுத்தால் படம் பிழைக்கும். ஆனால் எடுத்தால் மறுபடி எங்கே மாட்டுவது, யார் மாட்ட விடுவார்கள்? கன்னத்துக்கு வந்தது. நான் எடுக்கவில்லை.

புயலுக்கப்புறம் கடலூரில் வீட்டு வேலை ஜாஸ்தி ஆயிற்று. சிதம்பரத்திலிருந்து மருமகளின் புருஷனால் தினம் வந்து போக முடியவில்லை. 2012 தையில் இரண்டு பேரும் சாமானோடு வந்து இறங்கினார்கள். பக்கத்து வீட்டுக்காரி குழாயடியில் என்னிடம் கேட்டாள்: “ஒரு ஊடு, ஒரு புருசன் பொண்டாட்டி, நடுவுல நீ எங்க படுப்ப? செவுத்துல வேற உன் புள்ள பாத்துக்கினு இருக்கான். அந்த ஆளுக்குத் தூக்கம் வருமா?” அவள் கெட்டவள் இல்லை. நான் நினைத்துக்கொண்டிருந்ததைத்தான் சொன்னாள்.

மறுநாள் காலையில் அவன் சுத்தியலும் உளியும் எடுத்துக்கொண்டு குட்டைச் சுவர்ப் பக்கம் உட்கார்ந்து தரையைக் கொத்த ஆரம்பித்தான். சரியாக நான் படுக்கிற இடம். ஆறடி நீளம், மூன்றடி அகலம். என் பாயைச் சுருட்டி வெளியில் வைத்திருந்தான். எதற்கு என்று நான் கேட்கவில்லை. அங்கே சுவர் எழுப்பப் போகிறான் என்று நினைத்தேன். புருஷன் பெண்சாதி இருக்கிற வீட்டில் ஒரு தடுப்புச் சுவர் வேண்டியதுதான். ஒயர் கூடையை எடுத்து வாசலுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

பிறகு கூடத்துக்குப் போய்ப் படத்தைக் கையால் பிடித்துத் தூக்கினேன். மூன்று வருஷமாக எடுக்க முடியாததை எடுத்துவிட்டேன். கனமே இல்லை. யாரும் எடுக்கச் சொல்வதற்கு முன்னால் நானே எடுத்துக்கொண்டு போய்விடலாம், அவ்வளவுதான் மனதில் இருந்தது. சுவரில் நீலமாக ஒரு சதுரம் இருந்தது. புதிதாக அடித்த அன்றைக்கு இருந்த மாதிரியே இருந்தது, கீழ் ஓரத்தில் மட்டும் உப்பியிருந்தது.

கொத்துகிற சத்தம் நின்றது. அவன் எழுந்து வந்தான். மருமகளும் கொல்லையிலிருந்து வந்தாள். இரண்டு பேரும் சதுரத்தைப் பார்த்தார்கள், என் கையைப் பார்த்தார்கள், வாசலில் கூடையைப் பார்த்தார்கள்.

“எங்க கெளம்பிட்டீங்க?” என்றான்.

நான் வாயைத் திறந்தேன். “நீ தடுப்பு கட்டறியே” என்று மட்டும் வந்தது.

“தடுப்பா? யம்மா, ரெட் ஆக்சைடு தர போடறேன். சிமெண்டுல படுத்து உங்களுக்கு இடுப்பு புடிக்குதுன்னு இவ சிதம்பரத்துலேந்து புலம்பிக்கினே இருந்தா. செவப்புத் தர சில்லுனு இருக்கும், ஆனா ஓதம் ஏறாது, தேச்சி வழவழன்னு பண்ணிடுவேன். சுத்தி ஒரு கறுப்புக் கோடு. அதத் தாண்டி ஒருத்தரும் கால் வக்கக் கூடாது, நானும்தான்.”

“அடுப்படிக்கு எப்பிடிப் போறதாம்?” என்றாள் மருமகள்.

“கொல்லப் பக்கம் சுத்திக்கினு போ. ராணிக்கு ஒடம்பு எளைக்கட்டும்.”

“எளைக்கறதுக்கு இங்க என்னா இருக்கு. நீதான் வயித்தத் தூக்கிக்கினு நடக்கற” என்றாள். பிறகு என் கையிலிருந்து படத்தை வாங்கி முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள். சட்டத்தைப் பிரித்துப் பார்த்தோம். படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இழுத்தால் என் மகன் முகம் பிய்ந்து வந்துவிடும் என்று அவன் சொன்னான், கண்ணாடியோடு அப்படியே காயவிடச் சொன்னான். மேகம் முழுக்கப் போயிருந்தது. ஒரு பக்கக் கன்னம் போயிருந்தது. கண்ணும் வாயும் இருந்தன. தோளுக்குப் பக்கத்தில் அரக்குப் புடவை ஓரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. மருமகள் அதைப் பார்த்தாள். அவனும் பார்த்தான்.

“இத எங்க மாட்டறது?” என்று நான் கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி கேட்டேன்.

“உங்க செவுத்துலதான்” என்று குட்டைச் சுவருக்குப் பக்கத்தில் என் தலைமாட்டுச் சுவரைக் காட்டினான். “அது உள் செவுரு, ஓதமே கெடையாது. கலரு மட்டும் சொல்லுங்க. மத்ததெல்லாம் இவ சொல்லிட்டா, கூடம் பச்ச, அடுப்படி மஞ்சள். உங்க எடத்துக்கு நீங்கதான் சொல்லணும்.”

என்னிடம் யாரும் கலர் கேட்டதில்லை. புடவைகூட எடுத்து வந்து கொடுப்பார்கள், கட்டிக்கொள்வேன். நின்றுகொண்டே இருந்தேன். அவன் அவசரப்படாமல் சுவரில் மிஞ்சியிருந்த சதுரத்தைச் சுரண்ட ஆரம்பித்தான். கடைசி நீலம் அவன் காலடியில் விழுந்தது.

“அதே கலரு” என்றேன்.

அவன் திரும்பிப் பார்த்தான். “நீலமா? அடிச்சிடலாம். ஆனா பெயிண்டு கெடையாது. சுண்ணாம்புல நீலத்தப் போட்டுக் கலக்கித் தர்றேன். அவ்ளோ பளபளன்னு இருக்காது. கைல ஒட்டும். பரவால்லையா?”

பரவாயில்லை என்றேன்.

சிவப்புத் தரை போட்டு முடித்து, ஈரத்திலேயே தேய்த்து, ஒரு வாரம் தண்ணீர் கட்டி வைத்தான். அதுவரை மூன்று பேரும் கூடத்தில் சாமான்களுக்கு நடுவில் படுத்தோம். மருமகள் அடுப்படிக்குக் கொல்லைப் பக்கமாகச் சுற்றித்தான் போய்வந்தாள், ஒவ்வொரு தடவையும் அவனைத் திட்டிக்கொண்டு. ஒரு வாரம் கழித்துத் தண்ணீரை வழித்துவிட்டு, தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்து, என் பாயை அவனே கொண்டுவந்து போட்டான். ஒயர் கூடையை மருமகள் ஆணியில் மாட்டினாள், துணிகளை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு, காலிக் கூடையாக.

இப்போது அங்கேதான் படுக்கிறேன். அங்கே வந்தபின் எனக்கு அழுகை வந்ததா என்றால், இல்லை. இன்னும் வரவில்லை. பகலில் நீலச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து மீன் ஆய்கிறேன். எழுந்தால் முதுகு முழுக்க நீலம் ஒட்டியிருக்கும், எனக்குத் தெரியாது. மருமகள் போகிற போக்கில், கறுப்புக் கோட்டுக்கு வெளியில் நின்று கையை நீட்டி, “திரும்பு அத்தே” என்று தட்டிவிடுகிறாள்.